பெயரை நறுக்கும் பெட்டி

"ஐயா, அட்டவணைகளுக்குத் தமிழில் பெயரிட்டுப் பார்த்தேன். பெயர் முடமாயிற்று. ஆங்கிலத்திற்கே திரும்பிவிட்டேன்" என்றார், என்னிடம் தமிழ் பயின்று இன்று கணிப்பொறித் துறையில் பணியாற்றும் மாணவர் ஒருவர். ஊர்ப்பெயர்ப் பலகைகளில் நாம் கண்ட சிதைவு இப்பொழுது பெட்டிக்குள் நிகழ்கின்றது. அங்கு அதனைக் காண்பார் இலர்!

செய்திகளை அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் களஞ்சியமே தரவுத்தளம். அட்டவணைப் பெயருக்கு அங்கு நீள வரம்பு உண்டு. போசுட்கிரெசு என்னும் தரவுத்தளத்தில் அது 63 பைட்டு. ஆரக்கிளில் 12.2 ஆம் பதிப்பு வரும்வரை 30, அதன்பின் 128. ஆங்கில எழுத்தொன்றிற்கு ஒரு பைட்டு போதும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்றிற்கு மூன்று வேண்டும்; புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும்.

சங்கரன்கோவில் என்னும் நம்மூர்ப் பெயரில் எழுத்துகள் எட்டே. அதற்கோ 39 பைட்டு! ஆங்கிலத்தில் எழுதினால் 13. பழைய ஆரக்கிளில் நம்மூருக்கு இடமே இல்லை. போசுட்கிரெசில் 'சங்கரன்கோவில்_வட்டாட்சியர்' என்று பெயரிட்டால் 'சங்கரன்கோவில்_வட்டாட்' என நறுக்கப்படும். பின்னர் 'சங்கரன்கோவில்_வட்டாட்சியரகம்' என வேறோர் அட்டவணை அமைக்கப் புகுந்தால், அப்பெயர் முன்பே உள்ளதென்று மறுக்கப்படும்.

வரம்பை நீட்டினால் இழப்பே இல்லையா? உண்டு. போசுட்கிரெசின் உள்ளேடுகளில் குறும்பெயருக்கும் 64 பைட்டு ஒதுக்கப்படுகின்றது. வரம்பை இரட்டித்தால் அவ்வேடுகள் பருக்கும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும். பழைய அளவை நம்பி எழுதிய நிரல்கள் தடுமாறும். ஆயினும் 2002-இல் 31 பைட்டை 63 ஆக உயர்த்தியவர்களும் அவர்களே. வேண்டுமென்றால் வழி பிறக்கும்.

நீளத்தைவிட அளவுகோலே முதன்மையானது. மை எசு.கியூ.எல். பைட்டை எண்ணாமல் 64 குறிகளை எண்ணுகின்றது. அங்கு நம்மூர்ப் பெயர் தமிழிலும் 13, ஆங்கிலத்திலும் 13. இதுவன்றோ நடுநிலை!

நமக்கும் கடமை உண்டு. கயிறுபோல் நீளும் பெயர் படிப்பார்க்கும் தொல்லை, எழுதுவார்க்கும் தொல்லை. சுருங்கச் சொல்லுதல் நம் மரபு. ஆனால் அச்சுருக்கம் நம் தேர்வாக இருத்தல் வேண்டும். பிறர் செய்த பெட்டியின் வெட்டாக இருத்தல் கூடாது. தமிழறிந்த நிரலாளர்களே, தமிழில் பெயரிடுங்கள். வெட்டுப்படும் இடத்தில் வாளாவிராது, உரியோரிடம் முறையிடுங்கள்!