அம்புக்குறியும் துருசும்

சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சியில் ஒரு பயிலரங்கு. செயற்றிட்டங்களில் நல்லாளுகை என்பது தலைப்பு. வளவாளர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். உச்சியில் வழிநடத்தற் குழு, அதன் கீழ் பணிப்பாளர், ஆலோசகர், ஒப்பந்தகாரர். அடியில் ஒரு சிறு பெட்டி: பயனாளிகள். அம்புக்குறிகள் யாவும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்தன. மண்டபத்திலிருந்து சில மைல் தொலைவில் இரணைமடுக்குளம் கிடந்தது. அதன் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை.

முகாமைத்துவம் வேலையை முடிப்பது. ஆளுகை என்பது யார் தீர்மானிப்பது, யாருக்குப் பதில் சொல்வது, யார் 'வேண்டாம்' எனலாம் என்பது. இதை வன்னிக் கமக்காரனுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இரணைமடுவின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. காலபோகத்துக்கு மழை துணை நிற்கும். சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் நீர் போதாது. ஆகவே போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் அமர்வர். எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு, துருசை என்று திறப்பது, என்று பூட்டுவது என்பனவெல்லாம் அங்கே முடிவாகும். அத்தகைய கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். சச்சரவு மிகும், ஆனால் எடுத்த முடிவு எல்லோரையும் கட்டும்.

இனி யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தைப் பாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அதற்குக் கடன் ஒப்புதல் அளித்தது. குளத்தை உயர்த்தி, மேலதிக நீரைச் சேமித்து, குடாநாட்டுக்குக் குழாயில் அனுப்புவது எண்ணம். அந்த ஆண்டில் இந்தக் கமக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? ஒரு பகுதியினர் செட்டிக்குளம் மெனிக் பாமின் கூடாரங்களில். அம்முகாம் மூடப்பட்டதே 2012இல்தான். மீண்டவர்களோ தறப்பாளின் கீழ். தங்கள் குளத்தின் நீர் பற்றித் தீர்மானிக்கப்பட்டபோது அவர்களுக்குத் தங்கள் முற்றமே முழுதாகக் கிடைத்திருக்கவில்லை.

'ஆலோசனைக் கூட்டங்கள் நடந்தனவே' என்பர். நடந்திருக்கலாம். முடிவைக் கேட்கக் கூப்பிடுவது வேறு. முடிவெடுக்க இருக்கை கொடுப்பது வேறு.

கமக்காரன் யாழ்ப்பாணத்தின் தாகத்தை மறுத்தான் என்று எழுதிய பேனைகளும் உண்டு. அது அநியாயம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டின் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது உண்மை. அங்கு நல்ல நீர் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. கமக்காரன் கேட்டது ஒன்றே: மழை பொய்த்த ஆண்டில் முதலில் பூட்டப்படுவது குழாயா, வாய்க்காலா? அதைத் தீர்மானிப்பவர் யார்? அவன் நம்பக்கூடிய விடை எங்கிருந்தும் வரவில்லை. எதிர்ப்பு வலுத்தது, வடமாகாண சபை வந்தும் பிணக்குத் தீரவில்லை. ஈற்றில் திட்டம் கடலுக்குத் திரும்பியது. தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கும் அங்குள்ள கடற்றொழிலாளர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். முதற் கடனுக்கும் நிலையத் திறப்புக்கும் இடையில் 14 ஆண்டுகள். உப்பை நீக்க மின்சாரம் கணக்கின்றி வேண்டும். அந்தப் பட்டியலை இனி ஆண்டுதோறும் நாமே செலுத்துவோம்.

இத்தாமதத்துக்குப் பொறியியலை நோகாதீர்கள். அம்புக்குறியை நோகுங்கள். வன்னியில் இனி எத்திட்டம் வந்தாலும் கையொப்பத்துக்கு முன் மூன்று கேட்போம். நட்டம் சுமப்பவருக்குத் தீர்மானக் குழுவில் வாக்குள்ள இருக்கை. வறட்சியில் யாருக்கு எவ்வளவு என்ற எழுத்து மூல விதி. அவ்விரண்டும் தமிழில், ஊர் வாசிக்கத்தக்கதாய்.

அந்தப் பயிலரங்கின் முடிவில் எங்களுக்குச் சான்றிதழ் தந்தார்கள். அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு அந்த வளவாளர் வரட்டும். கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டால் போதும்.