வயிறா, விரதமா?

தோழர்களே, பூண்டு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நாம் முதலில் என்ன நினைக்கிறோம்? "ஓ, அவாளா?" என்றுதானே!

எங்கள் குழுவில் ஒரு தோழர் இருக்கிறார். சேரியில் பிறந்து கருவாடும் மாட்டுக்கறியும் தின்று வளர்ந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் குடல் கோளாறு வந்தது. வெங்காயமும் பூண்டும் ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, வெளியூரில் சாப்பிட உட்கார்ந்து "வெங்காயம், பூண்டு இல்லாமல்" என்று கேட்டால் அவருக்குத் தனி மரியாதை கிடைக்கிறது. ஊரும் தெருவும் தெரிந்ததும் அந்த மரியாதை காணாமல் போகிறது. நம் கூட்டங்களிலோ பிரியாணிப் பொட்டலத்தை வாங்காமல் நின்றால், "என்ன தோழர், ஐயர் வீட்டுப் பிள்ளையா?" என்று கிண்டல். அப்படிக் கிண்டலடித்தவர்களில் நாங்களும் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு பயிலரங்குக்காக அவரும் நாங்களுமாகக் கம்போடியாவின் சியெம் ரீப்புக்குப் போனோம். அங்கே அவர் பட்டினிதான் கிடப்பார் என்று பயந்தோம். காரணம் உண்டு. கெமர் சமையலுக்கு அடிப்படை 'க்ரூங்' என்னும் அரைத்த விழுது. எலுமிச்சைப் புல், பேரரத்தை, மஞ்சள், காட்டு எலுமிச்சை இலை, கூடவே பூண்டும் சின்ன வெங்காயமும். எல்லாவற்றையும் சிறு உரலில் போட்டு இடிப்பார்கள். சந்தையில் இடித்துவைத்த விழுதே கிடைக்கும். அதில் பூண்டை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? காலையில் குடிக்கும் நூடுல்ஸ் சூப்பின் மேலேயும் வறுத்த பூண்டைத் தூவிவிடுகிறார்கள்.

நாங்கள் சாப்பிட்ட சிறு கடையின் சமையல்கார அக்காவிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வயிறா, விரதமா?" சீன மரபுப் பௌத்தச் சைவத்தில் பூண்டையும் வெங்காய வகைகளையும் விலக்குவதுண்டு, அதனால் அவருக்கு இது புதிதல்ல. வயிறு என்றோம். உடனே உரலைக் கழுவி, இரண்டையும் விட்டுவிட்டு, பேரரத்தையைக் கொஞ்சம் கூட்டிப் புதிதாக இடித்தார். அந்த விழுதைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, மீன் துண்டுகளோடு வாழையிலைத் தொன்னையில் ஆவியில் வேகவைத்தார். 'அமோக்' என்பது அதன் பெயர். புளிக்கவைத்த மீனான பிரஹாக்கை மூக்கருகே நீட்டி, இது ஆகுமா என்றும் கேட்டார். மீனும் உப்பும்தானே, ஆகும்! நம் கருவாட்டுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. தோழர் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

(கம்போடியா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வியட்நாமிய வம்சாவளியினரை அங்கே நடத்தும் விதம் தனிக் கதை.)

அதே கடைக்கு நம் நாட்டுச் சுற்றுலாக் குழு ஒன்றும் வந்தது. அவர்களும் வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. மீன் சமைத்த சட்டி ஆகாது, பக்கத்து மேசையில் கறி இருக்கக்கூடாது என்றார்கள். அங்கோர் வாட் "நம்ம கோயில்" என்று பெருமை வேறு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பாயோன். அதன் சுவர்ச் சிற்பத்தில் ஒரு பன்றியைக் கொதிக்கும் கொப்பரையில் இறக்குகிறார்கள். அதையும் "நம்ம" என்பார்களா?

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டையும் வெங்காயத்தையும் இருபிறப்பாளருக்கு விலக்குகிறது. தெரிந்தே தின்றால் சாதி போய்விடும் என்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவைச் சுற்றிய சீனத் துறவி ஃபாஹியான், அங்கே சண்டாளர் தவிர யாரும் வெங்காயம், பூண்டு உண்பதில்லை என்று எழுதிவைத்தார். அவர்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தார்கள். ஊருக்குள் வந்தால் கட்டையைத் தட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் இந்தக் குறிப்பை எடுத்து விவாதித்திருக்கிறார். புத்தரும் பிக்குகளுக்குப் பூண்டை விலக்கினார். ஆனால் வினய நூல் சொல்லும் காரணம் பிறப்பு அல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு வாடை அடிக்கும் என்பது. நோய் வந்தால் தின்னலாம் என்ற சலுகையும் உண்டு.

நமக்கு அவர்கள் தட்டில் பூண்டு இல்லாதது பிரச்சினை இல்லை. பக்கத்து மேசைக்கும் பொதுச் சட்டிக்கும் அவர்கள் விதி எழுதுவதுதான் பிரச்சினை. கர்நாடகத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலிருந்து ஓர் அறக்கட்டளை வெங்காயத்தையும் பூண்டையும் நீக்கியபோது நாம் எதிர்த்தது இதைத்தான். அதே சமயம், பூண்டு தின்பதையே சாதி ஒழிப்புக்கான தேர்வாக்கி நம் தோழரை நாம் நிற்கவைத்ததும் தவறுதான். யார் என்ன தின்கிறார் என்பதை வைத்துப் பிறப்பைக் கணக்கிடும் பழக்கத்தை நாமும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். தோழரிடம் மன்னிப்புக் கேட்டோம். "சரி விடுங்க, அந்த மீனை எப்படிச் செய்றதுன்னு கேட்டு வந்தீங்களா?" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சமையல் பொறுப்பு எங்களுடையது. மாட்டுக்கறி பிரியாணி உண்டு. அதற்கு முன்பே ஒரு சட்டியில் வெங்காயம், பூண்டு இல்லாமல் மீன் குழம்பும் வைத்துவிடுவோம். எது ஆகும், எது ஆகாது என்று வருபவர்கள் முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம்.