கோல் அடிக்காத இரண்டு ஆட்டங்கள்

கால்பந்து ரசிகர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்விக்கு வந்து சேரும்: உரிய பெயர் கிடைக்காமல் போன முன்கள ஆட்டக்காரர் யார்? ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். நான் வைத்திருப்பது ஹங்கேரியின் ஷாண்டோர் கோச்சிஷ். பெயரைச் சொன்னதும் வழக்கமாக வரும் பதில், "புஷ்காஷோடு ஆடினாரே, அவரா?" என்பதுதான். என் மனத்தாங்கல் முழுவதும் அந்த 'ஓடு' என்ற வேற்றுமை உருபின் மீதுதான்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய அணிக்காக 68 ஆட்டங்கள், 75 கோல்கள். ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். ஹங்கேரிக்காகப் புஷ்காஷ் அடித்தவை 85 ஆட்டங்களில் 84. இதைச் சொல்வது புஷ்காஷைக் குறைப்பதற்காக அல்ல. அவர் மேதை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர், ஒரு பெயர் உலகம் முழுவதும் ஒலிப்பதற்கும் மற்றொன்று அடிக்குறிப்பாகச் சுருங்கியதற்கும் காரணம் தேடத்தான் வேண்டும்.

1954 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்சர்லாந்தில் நடந்த அந்தத் தொடரில் கோச்சிஷ் ஐந்து ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்தார். அதற்கு முன் ஒரே உலகக் கோப்பையில் எவரும் இரட்டை இலக்கத்தைத் தொட்டதில்லை. தென்கொரியாவுக்கு எதிராக மூன்று, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக நான்கு. தென்கொரியா அனுபவமற்ற அணி, ஜெர்மனி அன்று முக்கிய ஆட்டக்காரர்கள் பலரை இறக்கவில்லை என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனால் அந்த ஜெர்மனி ஆட்டத்தில்தான் புஷ்காஷ் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். காலிறுதியிலும் அரையிறுதியிலும் அவர் ஆடவில்லை. கைகலப்பில் முடிந்த பிரேசில் ஆட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்று, முடிவதற்குச் சற்று முன் ஒன்று என்று இரண்டு கோல்களைக் கோச்சிஷ் அடித்தார். அரையிறுதி, அதுவரை உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத உருகுவேயோடு. இரண்டு கோல் முன்னிலையை ஹங்கேரி கடைசி கால் மணி நேரத்தில் இழந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. லோசான் நகரில் கால்கள் ஓய்ந்துபோன அந்த வேளையில் கோச்சிஷ் தலையால் முட்டி ஒன்று, மறுபடியும் தலையால் முட்டி ஒன்று. 4–2. புஷ்காஷ் இல்லாத அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான்.

இறுதியாட்டத்துக்குப் புஷ்காஷ் முழுதும் குணமாகாத காலுடன் திரும்பினார், முதல் கோலையும் அடித்தார். எட்டு நிமிடத்தில் 2–0 என்று முன்னேறிய ஹங்கேரி, 3–2 என்று தோற்றது. கோச்சிஷ் அன்று கோல் அடிக்கவில்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஹங்கேரி அணியைப் பற்றி உலகம் திரும்பத் திரும்பப் பேசுவது இரண்டு ஆட்டங்களை. ஒன்று, 1953 நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6–3 என்று வென்றது. மற்றொன்று, 1954 ஜூலையில் பெர்னில் தோற்ற இந்த இறுதியாட்டம். வெம்ப்ளியில் ஹிடெகுட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு, போஷிக் ஒன்று. கோச்சிஷ் களத்தில் இருந்தார், கோல் இல்லை. ஆக, 75 கோல் அடித்த மனிதர் உலகம் நினைவில் வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் கோல் அடிக்காமல் போனார். ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் அதே இங்கிலாந்தை 7–1 என்று நொறுக்கியபோது இரண்டு கோல் அடித்தார். அந்த ஆட்டத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. கோச்சிஷின் கலை தலையில் இருந்தது. 'தங்கத் தலை' என்றே அழைத்தார்கள். வெம்ப்ளியில் புஷ்காஷ் பந்தைப் பாதத்தின் அடியால் பின்னிழுத்து எதிரணித் தலைவரை வெறும் புல்லில் சறுக்க விட்டது தெருவில் ஆடும் சிறுவனும் செய்து பார்க்கக்கூடிய ஒரு படிமம். தலையால் அடிக்கும் கோலில் அப்படி ஒன்றும் மிஞ்சுவதில்லை. பந்து எங்கே இறங்கும் என்று மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்பே அறிந்து அங்கே எழும்புவது, கழுத்தின் ஒரு திருப்பம், அவ்வளவே. கூர்மையான உழைப்பு, ஆனால் கதையாகச் சொல்ல முடியாத உழைப்பு.

1956இல் ஹங்கேரியின் எழுச்சி நசுக்கப்பட்டபோது அவருடைய ஹொன்வேத் அணி வெளிநாட்டில் இருந்தது. கோச்சிஷ் ஊர் திரும்பவில்லை. அத்துடன் தேசிய அணி வாழ்வு முடிந்தது. அப்போது வயது 27. பிறகு பார்சிலோனாவுக்காக ஆடினார். 1961இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் அவரை மீண்டும் பெர்னுக்கு, அதே வாங்க்டார்ஃப் மைதானத்துக்கு அழைத்து வந்தது. இம்முறை கோல் அடித்தார், அதுவும் தலையால். பார்சிலோனாவின் பந்துகள் பலமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பின. பென்ஃபிகா 3–2 என்று வென்றது. ஏழு ஆண்டு இடைவெளியில் அதே மைதானம், அதே எண்கள்.

1979 ஜூலையில், கடும் நோயுற்றிருந்த நிலையில், பார்சிலோனாவில் ஒரு மருத்துவமனையின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வயது 49. 2012இல்தான் அவருடைய எச்சங்கள் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித ஸ்டீபன் பேராலயத்தில் வைக்கப்பட்டன. புஷ்காஷ் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். புஷ்காஷின் பெயரில் விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆண்டின் மிகச்சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் விருது இருக்கிறது. அவை இருக்கட்டும். நான் கேட்பது சிலையோ விருதோ அல்ல. அடுத்த முறை நான்கு பேர் கூடிப் பேசும்போது, கோச்சிஷ் என்ற பெயரை எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். லோசானிலிருந்து தொடங்கலாம்.