ஆக்சென்ட்டை விடுங்க, புரிஞ்சுதான்னு கேளுங்க

துபாய் ஐடி நேர்காணல்களில் 'ஆக்சென்ட் சரியில்ல' என்று ஒருவரைத் தட்டிக்கழிப்பது சகஜம். இந்தியக் கால்சென்டர் ஊழியர்களின் ஆக்சென்ட்டை உடனுக்குடன் மாற்றும் சானாஸ் ஏஐ மென்பொருளை டெலிபெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் பயன்படுத்துவதாக 2025-ல் செய்தி வந்தது. இரண்டிலும் அளக்கப்படுவது சாயல், தெளிவு அல்ல.

உயிர் சம்பந்தப்பட்ட விமானத் துறை வேறு மாதிரி அளக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து தஹ்ரான் கிளம்பிய சவுதியா விமானமும், டெல்லியில் இறங்க வந்த கசகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே மோதி 349 பேர் இறந்தார்கள். வளைகுடா வேலைக்குப் புறப்பட்டவர்கள் அதில் பலர். கசகஸ்தான் விமானம் அனுமதித்த உயரத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. விமானிகளின் ஆங்கிலக் குறைபாடும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6 நிலை ஆங்கில அளவுகோல் 2008 மார்ச்சில் அமலுக்கு வந்தது. சர்வதேச விமானிக்குக் குறைந்தது 4-ஆம் நிலை வேண்டும். உச்ச நிலையான 6-லும் தாய்மொழிச் சாயல் இருக்கலாம். கேட்பவருக்குப் புரிவதை அது கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம்ம பக்கமும் வேலை இருக்கு. வேகத்தைக் குறைக்கணும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழம்பினால் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று பிரிச்சுச் சொல்லணும். முக்கியமானதை, விமானிகள் செய்வதுபோல, எதிராளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லணும். இதெல்லாம் சில வாரப் பயிற்சியில் வரும். பிறந்த ஊரின் சாயலை அழிக்கச் சொல்வது பயிற்சி இல்லை. சம்பளத்தைக் குறைக்க ஒரு சாக்கு.