பைசா இல்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்

நம் குமரி மாவட்டத்தில் பெற்றோரின் கழுத்தைப் பிடிக்கிற மாதம் ஜூன். பள்ளிக்கூடம் திறக்கும். சீருடை, நோட்டு, பை, வேன் பைசா என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அதே ஜூன் 1 அன்றுதான் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும். ஜூலை 31 வரை படகு கரையில்தான். சின்னமுட்டத்துக்காரர்களோ ஏப்ரல் 15 முதலே சும்மா இருந்து, ஜூன் பாதியில்தான் கடலைப் பார்ப்பார்கள். தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு நாள்கணக்கில் நிற்கும். கொத்தனாருக்கும் கையாளுக்கும் வேலை இருக்காது. வரவு நிற்கிற நேரம் பார்த்துச் செலவு வருகிறது. இது யார் குற்றமும் இல்லை.

ஆனால் அந்த மாதத்திலேயே வாரத் தவணைக்குக் கடன் வாங்கி, இரண்டு கிலோ கேக் வெட்டி, பலூன் வளைவு கட்டி, தெருவுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோமே, அது நம் குற்றம்தான். கேட்டால், "பிள்ளை ஆசைப்பட்டுது" என்போம். நாலு வயசுப் பிள்ளைக்குப் பலூன் வளைவு தெரியுமா? ஆசைப்பட்டது நாம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நாம். அடுத்த 50 வாரமும் தவணை வாங்க ஆள் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு, "அம்மை வீட்ல இல்லன்னு சொல்லு மக்கா" என்று அதே பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறோம். பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கியதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வது?

கையில் பைசா இல்லாத குடும்பம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க நாம் படும் பாட்டைப் பார்த்தால் எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும். கடையில் நின்று பிள்ளை எதையாவது கேட்கும். "நாளைக்கு வாங்கித் தாறேன்" என்போம். நாளைக்கும் கேட்கும், அடி விழும். "இந்த மாசம் பைசா இல்ல கேட்டியா, அடுத்த மாசம் பாப்போம்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லிப் பாருங்கள். முதல் நாள் அழும். இரண்டாம் முறை, "அடுத்த மாசம் எப்பம் வரும்?" என்று கேட்கும். கேட்டால் காலண்டரைக் காட்டுங்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. வீட்டு வரவு செலவை மட்டும் பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்க மாட்டோம்.

அதைவிட மோசம், மலிவான எதையும் பார்த்து முகம் சுளிக்க நாம் கற்றுக்கொடுத்திருப்பது. சாளை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகு ஓடாத மாதத்திலும் வள்ளக்காரர்கள் கொண்டுவருகிற மீன் அது. மரச்சீனியை அவித்துச் சாளைக் குழம்போடு வைத்தால் அதற்கு மேல் ஒரு ராச்சாப்பாடு உண்டா? ஆனால் வீட்டுக்கு ஆள் வந்தால் சாளைச் சட்டியை உள்ளே தள்ளி வைக்கிறோம். நெய்மீன் வாங்கிய அன்று மட்டும் சட்டி நடு அடுக்களைக்கு வரும். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, சாளை என்றால் மூக்கைப் பிடிக்கும், வேறென்ன செய்யும்? பழங்கஞ்சிக்கும் இதே கதிதான். வீட்டில் கொடுத்தால் வேண்டாம். ரோட்டோரக் கடையில் மண்சட்டியில் ஊற்றி, காந்தாரி மிளகாயும் தயிரும் வைத்து விலை போட்டால் குடும்பத்தோடு போய் உட்காருகிறோம்.

அரசுப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு போடுகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துவிட்டது. "அங்க போய்ச் சாப்பிடாத, நம்ம வீட்ல இல்லாமலா?" என்று பிள்ளையைத் தடுக்கிற தாய்மாரை எனக்குத் தெரியும். சுடச்சுடக் கிடைக்கிற உப்புமாவையும் பொங்கலையும் வெட்கப்பட்டு விடுவது எந்த ஊர்க் கௌரவம் என்று எனக்குப் புரியவில்லை.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவும் மகளும் பைசா இல்லாமல் போய்வரலாம். அப்பாவுக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட். நாகர்கோவிலிலிருந்து தேரூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் குளத்தில் பறவைகள் வந்திருக்கும். கூழைக்கடா எப்படி வாயை விரித்து மீனைக் கோருகிறது என்று காட்டுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலகம் மதிக்கிற சதுப்புநிலம், ரோட்டிலிருந்து பார்க்கப் பைசா கிடையாது. அந்தத் தேரூரில்தான் 1876இல் கவிமணி பிறந்தார். குழந்தைகளுக்காக அத்தனை பாட்டு எழுதிய மனிதரின் ஊரைப் பார்க்காமலே நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தாண்டிவிடுகின்றன. தீம் பார்க்குக்கு மட்டும் ஸ்கூல் டூர் என்று 2,000 ரூபாய் கட்டுகிறோம்.

திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை இப்போது எத்தனை வீட்டில் அவிக்கிறார்கள்? பேக்கரியில் விற்கிறது, வாங்கிவிடுகிறோம். செலவு என்று பார்த்தால் வறுத்த பச்சரிசி மாவு, கருப்பட்டி, ஒரு தேங்காய், ஒரு பிடி சிறுபயறு, கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும். ஓலை யாராவது பனையிலிருந்து வெட்டித் தருவார்கள். ஆனால் விஷயம் கொழுக்கட்டை இல்லை, அதற்கு முந்தின இரண்டு மணி நேரம். குருத்தோலையை ஒரு சாண் அளவுக்கு நறுக்க வேண்டும். பிசைந்த மாவை ஓலையின் குழிவில் நீளமாக வைத்து, இன்னொரு ஓலையால் மூடி, ஓலைநாரால் கட்ட வேண்டும். பிள்ளை கட்டுகிற கட்டு நிற்காது. அவியும்போது மாவு பிதுங்கி வரும். பிதுங்கினதை முதலில் தின்னுகிற உரிமையும் அதற்குத்தான். பானை மூடியைத் திறந்ததும் பச்சை ஓலையும் கருப்பட்டியும் சேர்ந்து ஒரு மணம் வரும் பாருங்கள். அதைப் பேக்கரிப் பெட்டியில் போட்டுத் தர முடியாது. நமக்கு நேரம் இல்லை என்பீர்கள். அன்று ராத்திரி சீரியலுக்கும் போனுக்கும் போன நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பாமாருக்கு ஒன்று தனியாக. பிள்ளைக்கு மட்டிப்பழம் வாங்கினால் விலை கூடுதல் என்று முணுமுணுக்கிற ஆள், சாயங்காலம் டாஸ்மாக்கில் கொடுப்பதற்குக் கணக்கு வைப்பதில்லை. "இல்லாத வீடு" என்று சொல்லும்போது அந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இல்லாமை இனிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்குகிறவர்கள். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதிலும், புத்தகத்திலும், காலைக் கடிக்காத ஒரு செருப்பிலும் கஞ்சத்தனம் கூடாது. கடன் வாங்கினால் அதற்கு வாங்குங்கள். நான் சண்டை பிடிப்பது சந்தோஷத்துக்குக் கடன் வாங்குவதைப் பற்றி.

கடன் இல்லாத சந்தோஷத்துக்குத் திருவிழா போதும். டிசம்பர் 3 வரை கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா. கடைசி நாளன்று மாவட்டத்துக்கே லீவு. பிறகு மார்கழியில் சுசீந்திரம் கோயில் திருவிழா. அங்கே மூன்றாம் நாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு: கோட்டாற்றிலிருந்து பிள்ளையாரும், வேளிமலையிலிருந்தும் மருங்கூரிலிருந்தும் முருகனும் அப்பா அம்மாவின் திருவிழாவுக்கு வந்து சேர்வார்கள். எந்த மதத்து வீடானாலும் இரண்டையும் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். நம் ஊரில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். போகும்போது கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆளுக்கு 50 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். எதைக் கேட்டாலும் கிடைக்கிற பிள்ளை முதல் கடையிலேயே ஒரு துப்பாக்கியை வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்று சிணுங்கும். 50 ரூபாய்ப் பிள்ளை எல்லாக் கடையும் ஏறி இறங்கும். விலை கேட்கும். தம்பியோடு கூட்டுச் சேரும். ஏணிமிட்டாயா, ராட்டினமா என்று கடைசி வரைக்கும் தலையைச் சொறியும். நடுவில் போய் எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது மோசமான பொம்மையை வாங்கி, வீட்டுக்கு வருமுன்னே அது உடைந்தாலும் சரி, இன்னொரு 50 கொடுக்காதீர்கள்.