மறுதலித்தவள் பேசுகிறேன்

போன தவக்காலத்தில் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம். வெளியூரிலிருந்து வந்த சாமியார் நல்ல பேச்சாளர். 'மதச்சார்பற்ற சமுதாயத்தின் நெருக்கடியில் விசுவாச வாழ்வு' என்பது தலைப்பு. செல்போன், டி.வி. சீரியல், ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்று நெருக்கடிகளை அடுக்கிக்கொண்டே வந்தவர், இரண்டாம் நாள் சாயங்காலம் குரலை இறக்கி ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவன், திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் இந்து. சர்க்கார் சலுகைக்காக ஆண்டவரை மறுதலிக்கிறவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சொல்லும்போது அவர் பார்வை எங்கள் தெரு ஜனங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் வந்தது. பக்கத்தில் இருந்த கிழவி என் தொடையில் கிள்ளி, "நம்மளத்தாண்டி சொல்றாரு" என்றாள்.

ஆமாம், எங்களைத்தான். கோயில் புத்தகத்தில் எனக்கு ஒரு புனிதையின் பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு அம்மனின் பெயர். எம்.ஏ. தமிழ் படித்தது அம்மன் பெயரில். ஜெபம் சொன்னதும் அப்பாவைப் புதைத்ததும் புனிதையின் பெயரில். இந்தக் கட்டுரைக்குப் பெயர் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். போட்டால் எந்தப் பெயரைப் போடுவார் பாவம்!

நான் ப்ளஸ் டூ முடித்த வருஷம் சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு ஆர்.ஐ. வீட்டுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. முந்தின ராத்திரியே அம்மா மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். படம் இருந்த இடம் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. அதை மறைக்க எதிர்க் கடையில் கேட்டு ஒரு முருகன் காலண்டர். ஜூன் மாசம், காலண்டரில் ஜனவரித் தாளே கிழிக்காமல் இருந்தது. ஆர்.ஐ. அதைப் பார்த்தார், எங்கள் கழுத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். அவருக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. அரிசி எடுத்தால் மாதா மேல் கை படும் என்று அம்மா பானைப் பக்கமே போகவில்லை.

அதே மாசம், ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போனோம். அங்கே வேறு நியாயம். "ஞானஸ்நானச் சான்று இருக்கா? பங்குச் சாமியார் லெட்டர் இருக்கா?" ஓர் ஆபீசில் கிறிஸ்தவள் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், இன்னோர் ஆபீசில் கிறிஸ்தவள்தான் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களுக்கு இப்படிப்பட்ட நிரூபணம் எதுவும் ஒருநாளும் தேவைப்பட்டிருக்காது.

இந்த ஓட்டத்தை ஆரம்பித்து வைத்தது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஏழு மாசம்கூட ஆகவில்லை. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். 1956 அக்டோபரில் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரோடு மதம் மாறிய ஜனங்களே 34 வருஷம் காத்துக்கிடந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். பழங்குடிக்கு இந்தத் தடை இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கும் இல்லை. பறையனுக்கும் சக்கிலியனுக்கும் பள்ளனுக்கும் மட்டும் சாமி கும்பிடுவதற்குச் சர்க்கார் அனுமதி. முகவுரையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல்லை 1976இல் சேர்த்தார்கள். மூன்றாவது பத்தி அப்போதும் அப்படியே கிடந்தது.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டும். செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை தந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிற இந்து ஆதிதிராவிடருக்கு உண்டு, இவர் கிறிஸ்தவர், இவருக்கு இல்லை. அதே தோல், அதே ஊசி, அதே வெயில். 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லையாம். நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவன் வேறு என்ன ஆதாரத்தைக் கொண்டுவந்து காட்டுவான்?

2024 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். அன்றைக்குத்தான் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைத் தந்தது. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர், இந்து என்று சொல்லி வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கிடையாது என்றதோடு நிற்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றும் சொன்னது. மோசடிக்காரி என்ற பட்டத்தை அன்றைக்கு நானும் வாங்கிக்கொண்டேன்.

'சலுகை' என்று சொல்கிறார்களே, அது என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டில் எங்களைப் பி.சி. பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மாநில அரசு படிப்பு உதவித்தொகை தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்கும் கல்லூரிக்கும் நிலபுலம் உள்ள சாதிகளோடு மோத வேண்டும். எங்கள் மாவட்டத்தில் செங்கமும் வந்தவாசியும் தனித்தொகுதிகள். அங்கே ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. எல்லாவற்றையும் விட, 1989ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்கு இல்லை. மதம் மாறி போதகரானவர் இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் ஜனம் நுழைய 2023 ஜனவரி 30 வரை ஆனது, அதுவும் கலெக்டரும் எஸ்.பி.யும் போலீசும் கூட வர வேண்டியிருந்தது. கோயிலுக்குள்ளே விடாத சாதிதான் எங்களைச் சர்ச்சுக்குப் போனபோது 'சோத்துக்கு மதம் மாறினவங்க' என்றது.

அண்ணாமலையார் மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற கூட்டத்தில் வெள்ளைக்காரர்களும் இருப்பார்கள். வேட்டி, விபூதி, ருத்திராட்சம், சிலருக்கு ஆனந்தா என்று முடிகிற பெயர்கூட. நீ எந்த மதம், எப்போது மாறினாய் என்று எந்த வி.ஏ.ஓ.வும் கேட்பதில்லை. அதற்குப் பெயர் ஆன்மீகத் தேடல்.

சபையிலும் அப்படித்தான். ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி 1949இல் ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்தார். எங்களை வெளியே தள்ளிய அதே 1950இல், குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். காவி கட்டினார், அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார், எங்கள் மலையின் குகைகளில் தங்கித் தவம் செய்தார். 1973இல் சாகும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். உண்மையான மனுஷர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி அவரைப் பற்றியதல்ல, அவரைப் படிக்கிறவர்களைப் பற்றியது. அவருடைய இரண்டு பெயரை வைத்துப் புத்தகம் போடுகிறார்கள், கருத்தரங்கு நடத்துகிறார்கள், பண்பாட்டுமயமாதல் என்கிறார்கள். உபநிடதத்தைத் தொட்ட இரண்டு பெயருக்கு அந்த மரியாதை. பானைக்குள் மாதாவை வைத்த இரண்டு பெயருக்குத் தவக்காலத்தில் வசவு.

சரி, பயப்படாமல் கிறிஸ்தவள் என்றே சொல்லிவிடுகிறேன் என்று வையுங்கள். என்னை ஏந்திக்கொள்ளச் சபை என்ன வைத்திருக்கிறது? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேல் நாம்தான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதற்கு, ஒரே மாதாவைக் கும்பிடுகிற சாதிக்காரர்கள் அவர்கள் தெருவுக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள். கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். பாமா 1992இல் 'கருக்கு' எழுதிக் கன்னியர் மடத்துக்குள் நடப்பதை வெளியே கொட்டினார். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஆயர் பேரவை கொள்கை அறிக்கை விட 2016 டிசம்பர் ஆனது. ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு நாள், கறுப்புக் கொடி, ஊர்வலம். நானும் கொடி பிடித்துப் போயிருக்கிறேன். மறுநாள் அதே சபையின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் போய் நின்றால் தெரியும், கொடி எந்த அலமாரிக்குள் போனதென்று.

நம் தோழர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை. 'உங்களையும் சேத்தா எங்க பதினெட்டுல பங்கு குறையுமே' என்கிறீர்கள். பயம் நியாயமானது. அதற்குப் பங்கைக் கூட்டிக் கேட்க வேண்டுமே தவிர, அண்ணன் தம்பியில் ஒருவனை வாசலில் நிறுத்தக் கூடாது. மதத் தடையை எடுத்துவிடச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணையமும் தீர்மானமும் வந்துகொண்டே இருக்கின்றன, மூன்றாவது பத்தி அசையவில்லை.

பேதுரு மூன்று தரம் மறுதலித்தார், சாமியாரே. குளிருக்கு நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே பயந்துவிட்டார். அவர் மேல்தான் சபையே கட்டப்பட்டது என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். என் அம்மாவைக் கேட்டது வேலைக்காரப் பெண் இல்லை, சர்க்கார்.

போன மாசம் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். பத்தாவது முடித்திருக்கிறாள், சான்றிதழ் வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த பையன் தலையைத் தூக்காமல் "மதம்?" என்றான். அவள் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்து ஆதிதிராவிடர்னு போடுப்பா" என்றேன். ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"அத்தே, சாமியாரு கேட்டா இன்னா சொல்றது?"

"மொதல்ல மேலப்புதூருச் செவுத்த இடிச்சிட்டு வந்து கேக்கச் சொல்லு."