ஏற மாட்டேன் என்றவனும் ஏற முடியாதவனும்

தலித் இதழில் பஸ் படிக்கட்டைப் பற்றித் தலையங்கமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். வண்டியில் ஏறுவதும் ஏறவிடாமல் தடுப்பதும் நமக்கு நேற்று வந்த விவகாரம் அல்ல.

1929 இல் அம்பேத்கர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கினார். தீண்டத்தகாதவரை உட்காரவைத்து ஓட்டக் குதிரை வண்டிக்காரன் எவனும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு விட்டார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். பாலத்தின் மேல் வண்டி தடுமாறியது. தூக்கியெறியப்பட்ட அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. அவரே எழுதிவைத்திருக்கிறார். சாதி காலையும் உடைக்கும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1997 இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். பள்ளன் பேரு எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. தென்மாவட்டங்களில் கலவரம். அரசு என்ன செய்தது? சில மாதங்களிலேயே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. வடசென்னையில் ஓடிய பஸ்களில் இருந்த டாக்டர் அம்பேத்கர் பெயரும் அதோடு போனது.

ஏற மாட்டேன் என்றவனுக்காக அவ்வளவு வேகம். ஏற முடியவில்லை என்றவனுக்கு? அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1995 இல்தான் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. பஸ்ஸையும் ரயில் பெட்டியையும் மாற்றியமையுங்கள் என்று அது சொன்னது. கூடவே, 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டிவிட்டார்கள். பெயரை அழிக்கப் பெயிண்ட் வாங்கும்போது மட்டும் சக்தி எங்கிருந்தோ வந்தது.

எனக்கு இடது காலில் போலியோ. காலிபர் மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்வருகிறேன். குமாஸ்தா வேலை. ("எந்தக் கோட்டா சார்?" என்று கேட்பவர்களிடம் "ரெண்டுலயும் தகுதி உண்டு, எதச் சொல்லட்டும்?" என்பேன்.) ஸ்டாப்பிங்கில் நின்றால் பஸ் இருபது அடி தள்ளி நிற்கும். எல்லாரும் ஓடுவார்கள். வலது காலை முதல் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்து, இடது காலைத் தூக்கிப் போடவேண்டும். அதற்குள் விசில். "சீக்கிரம் ஏறுங்க சார், இல்லன்னா அடுத்த வண்டில வாங்க." நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள், கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். ஊர்ப் பேரும் தெருப் பேரும் சொன்னால் அந்தக் கை எப்படி நீளும் என்ற யோசனை எனக்கு வராமல் இருந்ததில்லை. நானாவது இழுத்துப் பிடித்து ஏறிவிடுகிறேன். சக்கர நாற்காலித் தோழருக்கு அந்த முதல் படியே மதில்சுவர்.

படிக்குப் பதிலாகப் பெயர் தருகிறார்கள். 2010 இல் 'மாற்றுத்திறனாளி' என்றார்கள். 2015 டிசம்பரில் பிரதமர் 'திவ்யாங்' என்றார், தெய்விக உடம்பாம். நமக்கு 'ஹரிஜன்' என்று பெயர் வைத்த அதே புத்தி. கடவுளின் பிள்ளைக்குக் கிணறு இல்லை, தெய்விக உடம்புக்குப் பஸ் இல்லை. இலவசப் பயணமும் 2021 இல் வந்தது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், மாதக் கடைசியில் அதன் அருமை தெரியும். ஆனால் அது ஏறிவிட்டவனுக்குத்தான் இலவசம்.

தளம் 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது தாழ்தளப் பேருந்து. சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலி உருண்டு ஏறும். அரசு வாங்க நினைத்ததோ 900 மில்லிமீட்டர் வண்டிகள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ரோடு சரியில்லை, விலை அதிகம் என்று வாதாடினார்கள். ரோடு போட்டது யார்? ஊனமுற்றோர் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. அணுகல் விதிகள் வெறும் யோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விழாவில் கொடியசைத்தவர் படம்தான் பத்திரிகையில் வந்தது.

இயக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நம் கருத்தரங்குகள் பாதி இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லாத மண்டபத்தில் நடக்கின்றன. "தோழர், தூக்கிட்டுப் போயிடலாம்" என்கிறார்கள். தூக்கிப்போவது தோழமை என்று நினைக்கிறார்கள். தானே வரவும், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகவும் ஒருவனுக்கு வழி வேண்டாமா?

கூவம் கரையிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்தும் பிடுங்கி, 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்களே, அவர்களில் பெரும்பாலோர் நம் சனங்கள். வேலை நகரத்தில், ஆஸ்பத்திரி நகரத்தில், வீடு கோடியில். அங்கே பஸ்தான் பிழைப்பு. அங்கேயும் போலியோ கால் உண்டு, சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த கொத்தனார் உண்டு, மலக்குழியில் இறங்கி நுரையீரல் போனவர் உண்டு. ஆகவே நாம் கேட்கவேண்டியது இது: புதுத் தாழ்தளப் பேருந்துகளில் எத்தனை இந்த மூன்று இடங்களுக்கும் போகின்றன, எந்த நம்பர், எத்தனை மணிக்கு? அங்கே களப்பணி செய்யும் மாணவத் தோழர்கள் ஒரு வாரம் ஸ்டாப்பிங்கில் நின்று குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே அச்சிடுகிறோம்.